படர்தாமரையா, கரப்பானா? குடும்ப மருத்துவர் தோல் நோயைக் கண்டுபிடிக்கும் விதம்

தோலில் ஏதோ வந்துவிட்டது என்று குடும்ப மருத்துவரிடம் போய்வரும் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. ரத்தம் எடுக்கவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை. நாலு கேள்வி கேட்டார், விரலால் தடவிப் பார்த்தார், ஒரு களிம்பை எழுதிக் கொடுத்து ‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு, இதே தடிப்பைப் போன மாதம் பார்த்தவர் அலர்ஜி என்றார், இவர் பூஞ்சை என்கிறார். யார் சொல்வது சரி? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

தோல் நோயில் பெரும்பாலான முடிவுகளுக்குப் பரிசோதனைக் கூடம் தேவைப்படுவதில்லை. கண், விரல், கேள்வி, காலம் ஆகிய நான்கை வைத்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அந்த முறை எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்க்கலாம்.

## பெயருக்கு முன்னால் வகை

தோல் நோய்களின் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் குடும்ப மருத்துவரிடம் அன்றாடம் வருபவை கரப்பான் (எக்சிமா), படர்தாமரை, தேமல், சிரங்கு, முகப்பரு, காணாக்கடி (திடீரென எழும்பும் அரிப்புத் தடிப்பு), பொடுகு, சொரியாசிஸ், அக்கி, மரு, சீழ்ப்புண் என்று திரும்பத் திரும்ப அதே சிலதான். அவற்றிலும் உடனே பெயர் வைக்க அவர் அவசரப்படுவதில்லை. முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார்:

1. இன்றே கவனிக்காவிட்டால் ஆபத்தாகுமா?
2. வெளியிலிருந்து வந்த கிருமியோ பூச்சியோ செய்கிற வேலையா, அதாவது தொற்றா?
3. உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைச் சீண்டிக்கொண்டிருக்கிறதா, அதாவது அழற்சியா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்று சீக்கிரமே பதில் கிடைத்துவிடும். சிக்கல் மற்ற இரண்டில்தான், ஏனென்றால் அவற்றின் சிகிச்சை எதிரெதிர் திசையில் போகிறது. அழற்சிக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு களிம்பு. தடவிய இடத்தில் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைத் தணிப்பது அதன் வேலை. அதையே பூஞ்சையின் மேல் தடவினால், பூஞ்சையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த எதிர்ப்பும் தணிந்துவிடும். அரிப்பு இரண்டு நாளில் குறையும். பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே இருக்கும்.

ஆகவே எல்லாத் தவறும் ஒரே எடை உள்ளவை அல்ல. சொரியாசிஸைக் கரப்பான் என்று எடுத்துக்கொண்டால் தொடக்கத்தில் பெரிய சேதமில்லை. இரண்டுக்கும் முதலில் தருகிற களிம்பு கிட்டத்தட்ட ஒரே ரகம். படர்தாமரையைக் கரப்பான் என்று எடுத்தால் நோயாளி மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

## கண்ணும் விரலும் தேடுவது

முதலில் அந்த மாற்றத்தின் வடிவம். தட்டையாக நிறம் மட்டும் மாறியிருந்தால் புள்ளி. சிறிதாக மேடிட்டிருந்தால் பரு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக மேடிட்டிருந்தால் படை. உள்ளே தெளிந்த நீர் இருந்தால் கொப்புளம், சீழ் இருந்தால் சீழ்க்கொப்புளம். மேலே செதில் உதிர்கிறதா, பொருக்குத் தட்டியிருக்கிறதா என்பது அடுத்தது. செதில் இருந்தால் கோளாறு தோலின் மேலடுக்கில் இருக்கிறது என்று பொருள். கரப்பான், பூஞ்சை, சொரியாசிஸ் மூன்றும் அந்த ரகம். மேல்தோல் வழவழப்பாக இருந்து அடியில் வீங்கியிருந்தால் காணாக்கடி போன்ற வேறு வரிசை. இந்த ஒரு குறிப்பிலேயே பாதிப் பட்டியல் விலகிவிடும்.

விளிம்பு இன்னொரு துப்பு. படர்தாமரையில் ஓரம்தான் மும்முரமாக இருக்கும்: சிவந்து, சற்று மேடிட்டு, செதிலோடு வெளிநோக்கி நகரும், நடுப்பகுதி தெளிந்துகொண்டு வரும். கரப்பானில் ஓரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, சுற்றியுள்ள தோலில் கரைந்துபோகும். சொரியாசிஸில் எல்லை கத்தரித்தாற்போல் இருக்கும், மேலே வெள்ளி நிறச் செதில் தடிமனாகப் படிந்திருக்கும்.

கறுத்த தோலில் ‘சிவப்பு’ சிவப்பாகவே தெரியாமல் போகலாம். கருஊதா, அடர்பழுப்பு, சாம்பல் என்று தெரியும். வெள்ளைத் தோலின் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் தொட்டுப் பார்ப்பதை விடுவதில்லை. சூடு, வீக்கம், சொரசொரப்பு ஆகியவை நிறத்தை நம்பியிருப்பவை அல்ல.

அப்புறம் இடம். முழங்கை, முழங்கால் மடிப்புகளின் உட்புறம் என்றால் கரப்பான் முந்தி நிற்கும். அதே மூட்டுகளின் வெளிப்புறம் என்றால் சொரியாசிஸ். தொடையிடுக்கு என்றால் பூஞ்சை. உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் என்றால் அக்கி. காதுமடலிலும் தொப்புளுக்குக் கீழேயும் அரிப்புப் படை என்றால் காதணி, இடுப்புக் கொக்கி ஆகியவற்றில் உள்ள நிக்கல் உலோகத்தை நினைக்க வேண்டும்.

‘கையில் வந்ததைக் காட்டினேன், செருப்பைக் கழற்றச் சொல்கிறாரே’ என்று சிலர் வியப்பதுண்டு. காரணம் இருக்கிறது. இரண்டு பாதத்திலும் ஒரே ஒரு உள்ளங்கையிலும் தோல் காய்ந்து மெல்லிய மாவுபோல் உதிர்ந்தால் அது அநேகமாகப் பூஞ்சை. பாதத்தைச் சொறிகிற கைக்கு மட்டும் அது ஏறியிருக்கும். கரப்பானாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு கையிலும் வந்திருக்க வேண்டும். காலைப் பார்க்காத மருத்துவர் கைக்குக் கரப்பான் என்று எழுதிவிடுவார். இதே காரணத்துக்காகச் சொரியாசிஸ் சந்தேகம் வந்தால் தலையையும் நகத்தையும் பார்ப்பார்கள். நகத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் கிடைத்தால் சந்தேகம் வலுக்கும்.

## கேள்விகள், அவற்றின் நோக்கம்

1. எப்படித் தொடங்கியது? உடம்பில் முதலில் ஒரே ஒரு பெரிய படை வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் முதுகிலும் மார்பிலும் சின்னச் சின்னதாகப் பல கிளம்பினால் அது பிட்டிரியாசிஸ் ரோசியா. பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் தானே போய்விடும். முதல் படையை மட்டும் பார்த்தவர் அதைப் படர்தாமரை என்று சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று இருந்தது அவ்வளவுதான்.

2. இரவில் அரிப்பு கூடுகிறதா? வீட்டில் வேறு யாருக்கும் உண்டா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால், தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வருகிற சிரங்குதான் முதலில் நினைவுக்கு வரும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களை உடனே தேடுவார். முதல்முறை சிரங்கு தொற்றினால் அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்பது பலருக்கும் நினைவிருக்காது.

3. ஒரு தடிப்பு ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது? காணாக்கடியில் தடிப்பு ஓர் இடத்தில் மறைந்து வேறிடத்தில் எழும்பும். 24 மணி நேரத்துக்குள் தடயமில்லாமல் போகும். சந்தேகமிருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்வார். மறுநாளும் அது அதே வட்டத்துக்குள் இருந்து, மறையும்போது கன்றிப்போன கறையை விட்டுச் சென்றால், ரத்தக் குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

4. புதிதாக என்ன மருந்து? மாத்திரை, ஊசி, வலிநிவாரணி, கடையில் கேட்டு வாங்கியது எல்லாமே கணக்கில் சேரும்.

5. இதுவரை என்ன தடவினீர்கள்? இந்தக் கேள்விக்குத் தனித் தலைப்பே தேவை.

## ஏற்கனவே தடவிய களிம்பு

நோயாளி மருத்துவரிடம் வரும்போது தோல் அநேகமாக அதன் இயல்பான நிலையில் இருப்பதில்லை. வீட்டில் கிடந்த களிம்பு, தெரிந்தவர் தந்த ட்யூப், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது என்று ஏதாவது ஒன்று பட்டிருக்கும். அதில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகள்தான் அதிகக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. எதுவாக இருந்தாலும் ஒன்று வேலை செய்யும் என்பது அந்தக் கலவையின் கணக்கு. நடப்பது வேறு.

பூஞ்சையின் மேல் பலமான ஸ்டீராய்டு பட்டவுடன் சிவப்பு மங்கும், செதில் மறையும், வட்டத்தின் விளிம்பு கலையும். அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் முதலில் அழியும். பூஞ்சை சாகாது. நிறுத்தினால் அரிப்பு முன்னைவிட மும்முரமாகத் திரும்பும், மறுபடியும் அதே களிம்பு, மறுபடியும் இரண்டு நாள் நிம்மதி. சில மாதத்தில் ஒரு வட்டம் இருந்த இடத்தில் வட்டத்துக்குள் வட்டமாக, உருவம் தெரியாத அகலமான படை நிற்கும். மருத்துவத்தில் இதை ‘டினியா இன்காக்னிட்டோ’ என்கிறார்கள். மாறுவேடம் போட்ட படர்தாமரை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டெர்பினாபின் என்ற, வெகுகாலம் நம்பகமாக இருந்த பூஞ்சை மருந்துக்குப் பலசமயம் அடங்காத ‘டிரைக்கோஃபைட்டன் இன்டோட்டினியே’ என்ற பூஞ்சை 2020-ல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. இப்போது பல நாடுகளில் காணப்படுகிறது. அதனால் ‘படர்தாமரைதானே, ஒரு ட்யூப் போதும்’ என்ற பழைய தைரியம் மருத்துவர்களிடமே குறைந்திருக்கிறது. இட்ராகோனசோல் போன்ற மாற்று மாத்திரைகள், நீண்ட கால அளவு, வீட்டில் அரிப்புள்ள மற்றவர்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை என்று திட்டம் பெரிதாகிறது.

பழைய ட்யூப்பின் பெயர் மறந்துவிட்டால் ட்யூப்பையே எடுத்துக்கொண்டு போவது நல்லது. ‘வெள்ளை நிறக் களிம்பு’ என்ற விவரத்தை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

## பரிசோதனை எப்போது?

தேவைப்படும் இடங்கள் உண்டு. பூஞ்சைச் சந்தேகத்துக்கு மலிவான, விரைவான சோதனை: விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. தோல் செல்கள் கரைந்துவிட, பூஞ்சை இழைகள் மட்டும் நிற்கும். ஏற்கனவே பூஞ்சை மருந்து தடவியிருந்தால் இழைகள் கிடைக்காமல் போகலாம். ‘இல்லை’ என்று வந்த முடிவை அப்போது அப்படியே நம்ப முடியாது.

வெளிறிய திட்டுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டின் மேலும் நல்ல தோலின் மேலும் மாறி மாறித் தொட்டு, எங்கே என்று காட்டச் சொல்வார். திட்டின் மேல் தொடுவது தெரியாவிட்டால் தொழுநோய் என்று சந்தேகிக்க வேண்டும். தேமலிலும் வெண்புள்ளியிலும் உணர்வு போகாது. தொழுநோய் என்று உறுதியானால் கூட்டு மருந்துச் சிகிச்சையில் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். தாமதித்தால் நரம்பில் ஏற்பட்ட சேதம் திரும்பாது. அரை நிமிடச் சோதனைக்கு இவ்வளவு கனம்.

எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய முதுகில் சிறு ஒட்டுகளாகப் பொருள்களை வைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை உண்டு. 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, பிறகு சுமார் 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். இதற்கும் தோலைச் சிறிது வெட்டியெடுக்கும் பயாப்சிக்கும் பெரும்பாலும் தோல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். ‘அலர்ஜி பேனல்’ என்று நீளமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை சாதாரண அரிப்புப் படைக்கோ நாள்பட்ட காணாக்கடிக்கோ அநேகமாக உதவாது. நீண்ட பட்டியலும் வீண் பத்தியமும்தான் மிச்சம்.

## சிகிச்சையில் மருந்தைவிட அளவு

கரப்பான் உள்ளவரின் தோலைச் சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியிலுள்ள உறுத்தல் உள்ளே புகுகிறது. பலருக்கு இதன் அடியில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுக் குறை இருப்பது 2006-ல் தெரியவந்தது. எனவே ஈரப்பதக் களிம்பு இங்கே அழகுப் பொருள் ஆகாது. அதுதான் அடிப்படை மருந்து. உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். 30 கிராம் ட்யூப்பை ஒரு மாதம் ஓட்டினேன் என்றால் சிகிச்சையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஸ்டீராய்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோலில் பலன் தருவது 1952-ல் வெளியானது. தோல் மருத்துவத்தின் போக்கே அதன்பின் மாறியது. இன்றைய களிம்புகளில் மிதமானதற்கும் மிகப் பலமானதற்கும் உள்ள வீரிய வித்தியாசம் பல நூறு மடங்கு. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சும். அங்கே மிதமானது போதும். உள்ளங்கை, உள்ளங்கால் தடித்தவை, பலமானது வேண்டும். க்ளோபெட்டசால் போன்ற மிகப் பலமானதை முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், பரு வெடிக்கும். இதைக் கேள்விப்பட்டுப் பயந்து, எழுதிக் கொடுத்ததையும் பொட்டு வைப்பதுபோல் தடவுகிறவர்களுக்கு நோய் அடங்குவதே இல்லை. இரண்டு தவறுமே சகஜம்.

எவ்வளவு தடவுவது? ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை களிம்பை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது சரியாக இருக்கும்.

சிரங்கில் மருந்தைவிடத் தடவும் முறையே முக்கியம். பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல், விரலிடுக்கு, நகக்கண், தொப்புள் உட்படத் தடவி 8 முதல் 14 மணி நேரம் விட வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மருத்துவர் சொல்கிறபடி தலை, முகத்துக்கும் சேர்த்து. ஒரு வாரம் கழித்து மறுபடி. வீட்டிலுள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும்கூட, ஒரே நாளில் தடவ வேண்டும். பூச்சி செத்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் இருக்கும். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துத் தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படர்தாமரைக் களிம்பை விளிம்பைத் தாண்டியும், தோல் தெளிந்த பிறகு ஒன்றிரண்டு வாரமும் தடவ வேண்டும். தலையிலும் நகத்திலும் வந்தால் பெரும்பாலும் மாத்திரைதான். காணாக்கடிக்குத் தூக்கம் தராத அலர்ஜி மாத்திரைகள். தேமலில் பூஞ்சை போனாலும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். முகப்பரு மருந்துகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் பிடிக்கும். மூன்றாம் வாரத்தில் மருந்தை மாற்றிக்கொண்டே போனால் எதுவும் பலிக்காது. அக்கிக்கு வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.

## ‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’

இது தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். உண்மையில் அதுவும் ஒரு சோதனைதான். கரப்பான் என்று எண்ணிக் கொடுத்த மருந்துக்குத் தோல் அடங்கினால் எண்ணம் சரி. அடங்காவிட்டால் மருத்துவர் இந்த வரிசையில் யோசிப்பார்: சொன்னபடி தடவினாரா, போதிய அளவு தடவினாரா, வீட்டிலிருந்து மறுபடி தொற்றியதா, தடவும் களிம்பே ஒத்துக்கொள்ளவில்லையா, கடைசியாக, முதலில் நினைத்ததே தவறா. இந்த இடத்தில், இதுவரை நடந்ததைச் சொல்லாமல் வேறொரு மருத்துவரிடம் போனால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவதாகப் பார்ப்பவருக்கு முதல் மருந்தின் முடிவு கையில் இருக்கிறது என்பதால்தான் பலசமயம் அவர் ‘சரியாக’ச் சொல்கிறார்.

## காத்திருக்கக் கூடாதவை

கீழ்க்கண்டவற்றுக்கு இரண்டு வாரக் கணக்குப் பொருந்தாது. முதல் ஐந்துக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1. தடிப்போடு உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம்.
2. காய்ச்சலோடு, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள். மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம்.
3. புது மருந்து தொடங்கிய சில வாரத்துக்குள் தோல் எரிச்சல், வலி, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல். வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள் இதில் பெயர் பெற்றவை.
4. ஒரு கால் மட்டும் சிவந்து, சுட்டு, வீங்கிக் காய்ச்சல் அடிப்பது. சிவப்பின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு வைத்தால் பரவுவது தெரியும். பார்க்கச் சிறிதாகவும் வலி தாங்க முடியாததாகவும் இருந்தால் இன்னும் அவசரம்.
5. நெற்றியில் அக்கி, அதிலும் மூக்கு நுனியில் கொப்புளம். கண்ணையும் தாக்கும் வாய்ப்பு அதிகம்.
6. மாறிக்கொண்டிருக்கும் மச்சம்: இரு பாதியும் பொருந்தாமல், ஓரம் கோணலாக, பல நிறமாக, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து. இது சில நாள் தாமதத்தில் உயிர்போகும் விஷயம் ஆகாது. ஆனாலும் களிம்பு தடவிப் பார்க்கிற விஷயமும் ஆகாது. கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா புற்றுநோய் அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று யாரும் பார்க்காத இடங்களில் வருவதே அதிகம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரலில் தொடங்கியது. 1981-ல் 36 வயதில் இறந்தார். அடிபட்ட நினைவே இல்லாமல் நகத்தில் வந்த கருங்கோடு அகலமாகிக்கொண்டே போனால், அல்லது நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு இறங்கினால், குடும்ப மருத்துவர் தோல் மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும். அவர் எழுதாவிட்டால் நோயாளியே கேட்டு வாங்கலாம்.